மிளகுக்குக் கேட்கும்படி

ஜூன் 9, திங்கள்

மிளகு இன்று என்னைக் கடித்தது. வலது கை ஆள்காட்டி விரல், இரண்டாவது கணு. காலை ஆறரை மணி. கொத்தமல்லித் தழை வைக்கக் கூண்டுக்குள் கை விட்டேன். காரணம் எதுவும் இல்லாமல் துள்ளித் திரும்பிப் பல்லை இறக்கிவிட்டது. நான்கு வருடமாக இந்தக் கையிலிருந்து தின்ற பிராணி.

நடந்ததைத் தேதி போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். மற்றவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர் நினைவு வைத்திருக்க வேண்டும்.

மிளகும் சுக்கும் என் மகள் வதனியின் கினிப் பன்றிகள். பன்றி என்பது பெயர்தான். முயலில் பாதி இருக்கும், வால் கிடையாது, பசித்தால் சீட்டியடிக்கும். மிளகு கறுப்பு, சுக்கு பழுப்பு, இரண்டும் பெண். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நூறு வாங்கியதற்கு நான் வாங்கிக் கொடுத்தது. இப்போது வதனி கோயம்புத்தூரில் வேளாண்மை படிக்கிறாள். விடுதியில் இவற்றை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் இவை அவளுடைய அறையில், கம்பி வலைத் தடுப்புக்குள் இருக்கின்றன. காலைத் தீனி நான், மாலைத் தீனி உலகம்மாள். இது பேசி வைத்துக்கொண்டது இல்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஜூன் 11, புதன்

உலகம்மாள் என் மனைவி. பேச்சு நின்று இன்றோடு நானூற்றுப் பதினோரு நாள்.

காரணத்தை எழுதிவிடுகிறேன். நான் இயற்பியல் முதுகலை ஆசிரியர், எம்.ஃபில். அடுத்த தலைமையாசிரியர் நான்தான் என்பது பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஐஸ் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மூன்று வருடம் இளையவரான கைலாசத்துக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பாராட்டு விழா. உலகம்மாள் அதே பள்ளியின் தொடக்கப் பிரிவில் ஆசிரியை. நல்ல குரல் என்று பெயர். விழாவில் இறைவணக்கம் பாடச் சொன்னார்களாம், பாடினாளாம். என் வீட்டில் என் சோற்றைத் தின்னும் ஆள் அந்த மேடையில் ஏறிப் பாடியது. நான் போகவில்லை. ஆய்வகத்தில் உட்கார்ந்து லென்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக் காரியங்கள் கோயம்புத்தூர் வழியாக நடக்கின்றன. எரிவாயு தீர்ந்தால் உலகம்மாள் அடுக்களையிலிருந்து வதனிக்குப் போன் செய்வாள். பத்தடி தள்ளிக் கூடத்தில் இருக்கும் எனக்கு வதனி போன் செய்வாள். "அப்பா, சிலிண்டர் புக் பண்ணணுமாம்." "பண்ணியாச்சுன்னு சொல்லு." சற்று நேரத்தில் அடுக்களையில் போன் அடிக்கும்.

மிளகு இன்றும் என் கையைக் கண்டு பின்வாங்கியது. மாலையில் உலகம்மாள் ஏதோ முனகிக்கொண்டே தழை வைத்தாள். பாய்ந்து வந்து சீட்டியடித்தது. அதுவும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

வதனி வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறாள்.

"அப்பா, எனக்கு முப்பதாம் தேதி வரைக்கும் பரீட்சை. இனிமே ரெண்டு பேரும் என்னை நடுவுல வைக்காதீங்க. தேங்கா வேணும்னா நேரா கேளுங்க."

"நான் எங்க தேங்கா கேட்டேன்? உங்க அம்மால்லா கேட்டா."

"ஐயோ அப்பா."

வைத்துவிட்டாள். அவள் அம்மாவுக்கும் இதையே சொல்லியிருக்க வேண்டும். அடுக்களையில் ஒரு தட்டு சத்தமாக வைக்கப்பட்டது.

ஜூன் 13, வெள்ளி

தேங்காய் வாங்கவில்லை. தேங்காய் இல்லாத சட்னி. இருவரும் அதையே தின்றோம்.

ஜூன் 14, சனி

விடுமுறை. எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து ஆணியில் குத்தினேன். மின்கட்டணம் கட்டினேன். பிறகு கூண்டைச் சுத்தம் செய்தேன்.

வதனி வைத்த ஒழுங்கு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தண்ணீர்ப் புட்டி கதவோரம், படுக்கும் மண்சட்டி அதற்கு நேர் எதிரே, நடுவில் செங்கல். எல்லாவற்றையும் மாற்றினேன். புட்டி ஜன்னல் பக்கம். சட்டி மூலையில். இப்போது பார்க்க ஒழுங்காக இருக்கிறது. சுக்கு ஐந்து நிமிடத்தில் பழகிக்கொண்டது. மிளகு சுக்கின் விலாவில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே அலைகிறது. சொந்தமாக ஒரு அடி எடுத்து வைக்காது. பள்ளியில் சிலர் கைலாசத்தின் பின்னால் அலைவதுபோல.

ஜூன் 15, ஞாயிறு

மிளகு நேற்றிலிருந்து தின்னவில்லை. நான் வைத்த தழை அப்படியே கிடக்கிறது. பழைய இடத்தில், இப்போது ஒன்றுமே இல்லாத கதவோரத்தில், முகத்தைக் கம்பியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சத்தியாக்கிரகம். இடத்தை மாற்றியது யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

சரி. அதற்கு வீம்பு என்றால் எனக்கும் இருக்கிறது. நானும் அதன் பக்கம் போகப்போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மாலை பள்ளியிலிருந்து வந்து சும்மா எட்டிப் பார்த்தேன். சுக்கு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டு மிளகு எழுந்து நடந்தது. நேராக வந்து செங்கலில் முட்டியது. ஒதுங்கி நடந்து, திரும்பவும் அதே செங்கலில் முட்டியது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

டார்ச்சை எடுத்து வந்து கண்ணில் அடித்தேன். சிமிட்டவில்லை. விரலைக் கண்ணுக்கு அரை அங்குலம் வரை கொண்டுபோனேன். அசையவில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சித் தண்ணீர் உறைந்ததுபோல் இருந்தது.

இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒளி தடையின்றிச் செல்வது ஒளி ஊடுருவும் பொருள், ஓரளவு செல்வது ஒளி கசியும் பொருள், செல்லவே செல்லாதது ஒளிபுகாப் பொருள். மிளகின் வலது கண் மூன்றாவது வகை. இடது கண் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எதிரே தினமும் காலையில் கை நீட்டிக்கொண்டிருந்தவன் நான்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஒன்பதாம் தேதி, 'காரணம் எதுவும் இல்லாமல்' என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

சட்டி, புட்டி, செங்கல் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். தரையில் இருந்த தடத்தைப் பார்த்து, அங்குலம் பிசகாமல். மிளகு தண்ணீர் குடித்தது. நின்றுகொண்டு வெகுநேரம் குடித்தது. ஆனால் தின்னவில்லை.

கதவருகே உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. காரணம் கேட்டார் கைலாசம். சொந்தக் காரியம் என்றேன். "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே சார்?" என்றார். அக்கறை இருப்பதுபோல் காட்டிக்கொள்வதில் கெட்டிக்காரர்.

மிளகைக் காய்கறிக் கூடைக்குள் வைத்தேன். உலகம்மாள் வந்து சுக்கையும் தூக்கி உள்ளே வைத்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்ததும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. ஆனால் கூடையை யாராவது பிடிக்கத்தான் வேண்டும்.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஐந்து ஆடு, ஒரு கன்றுக்குட்டி. ஆட்டுக்காரர் ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எலியையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறிய?"

நான் பதில் யோசிப்பதற்குள் உலகம்மாள் சொன்னாள்: "ஏன், உங்க ஆடு மட்டும் என்ன கலெக்டருக்கா படிக்கி?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் விளம்பரத்தைப் படித்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

மருத்துவர் சேவியர், ஓய்வுபெறப் போகும் வயது. மிளகைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணும் புரை. எத்தனை வயசு? நாலா? இதுக்கு நாலுங்கிறது நமக்கு அம்பதைத் தாண்டுன மாதிரி."

எனக்கு ஐம்பத்து மூன்று. சொல்லவில்லை.

"ஆபரேஷன் இங்க கிடையாது. தேவையும் இல்ல. இது கண்ணை நம்பிப் பொழைக்க சீவன் இல்ல சார். மூக்கு, மீசை, காது. எது எங்க இருக்குன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கும். சாமானை மாத்துனா போச்சு. யாரும் மாத்துனியளா?"

உலகம்மாள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கூண்டு கழுவும்போது கொஞ்சம் நகந்துட்டு டாக்டர்" என்றாள்.

"இப்ப சிக்கல் கண்ணு இல்ல, வயிறு. பட்டினி கிடந்தா இதுக்குக் குடல் ஓட்டம் நின்னுரும். நின்னா ரெண்டு நாள்தான். தீனியை ஊற வச்சுக் கரைச்சு, சிரிஞ்சுல மூணு மணிக்கொருக்கா ஊட்டணும். ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் ஊட்டணும். கை வைக்கதுக்கு முன்னால பேசணும். திடீர்னு மேல கை பட்டா அது பருந்துன்னு நினைக்கும். கடிக்கத்தான் செய்யும்."

"என்ன பேசணும்?" என்று கேட்டேன்.

"எதுனாலும். வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுவியள்ல? அதை அது பக்கத்துல இருந்து பேசுங்க. கேட்டுக்கிட்டுக் கிடக்கும்."

திரும்பும் வழியில் முருகன்குறிச்சி சிக்னலில் கூடைக்குள்ளிருந்து சுக்கு ஒரு தடவை சீட்டியடித்தது. வேறு யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 18, புதன்

உலகம்மாள் பிடித்தாள், நான் ஊட்டினேன். பாதி அவள் சேலையில் போயிற்று.

"ஏட்டி மிளகு," என்றாள். "அவசரப்படாம ஊட்டச் சொல்லு."

நானும் மிளகிடமே சொன்னேன். "தலையைக் கொஞ்சம் நிமித்திப் பிடிச்சா இறங்கும்."

தலை நிமிர்ந்தது. இறங்கியது.

ஜூன் 19, வியாழன்

எடை 790 கிராம். காலை ஆறு, ஒன்பது, மதியம் பன்னிரண்டரை, மாலை நான்கு, ஏழு, பத்து. மதிய இடைவேளைக்கு ஒரே ஸ்கூட்டரில் வந்து போகிறோம், நேரம் அவ்வளவுதான் இருக்கிறது. தமிழாசிரியர் கந்தையா பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

வதனிக்குச் சொல்லவில்லை. பரீட்சை நடக்கிறது. மிளகு செத்துப்போனால் அதைச் சொல்ல வேண்டியது யார் என்று ஒரு நொடி யோசித்தேன். மேலே யோசிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

என் குரல் அதற்குப் பழக வேண்டும் என்றால் சிரிஞ்சு இல்லாத நேரத்திலும் நான் பேச வேண்டும். பள்ளியிலிருந்து வந்து கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒளிவிலகல் விதிகளைச் சொன்னேன். அது தீர்ந்ததும் வேறு ஒன்றும் வரவில்லை. கைலாசம் ஞாபகம் வந்தது. அது வெகுநேரம் வந்தது. யார் யார் போய் யாரைப் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எல்லாம். மிளகு காதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு கேட்டது.

"ஆர்டர் வரும்னு நான் புதுசா ஒரு சட்டை தச்சு வச்சிருந்தேன்," என்று சொன்னேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. "இளநீலம். தலைமையாசிரியர் அறையில முதல் நாள் போட்டுக்கிட்டு உக்காரலாம்னு."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு ஆரம்பித்தது.

ஜூன் 21, சனி

காலையில் இளநீலச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. பீரோவின் அடியில் கிடந்தது அவள் கண்ணில் எப்படிப் பட்டது என்று தெரியவில்லை. மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம். குடைமிளகாய், நெல்லிக்காய், கொத்தமல்லி, தேங்காய் இரண்டு.

ஜூன் 22, ஞாயிறு

மிளகின் எடையை எழுதப் பழைய காலண்டர் தாள்களை எடுத்தேன். கிழித்த தாள்களின் பின்பக்கம் கணக்குப் போட உதவும். இதற்காகவே ஆணியில் குத்தி வைக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி என்ற தாளில், ராகுகாலத்துக்குக் கீழே, உலகம்மாளின் உருண்டைக் கையெழுத்து: 'மிளகுக்குக் கண்ணுல வெள்ளை விழுந்திருக்கு. டாக்டரிடம் காட்டணும். சாமான் இடம் மாத்த வேண்டாம்.'

வெள்ளி மாலை எழுதியிருக்கிறாள். வதனி வழி அடைபட்டுவிட்டது. நான் தினமும் எழுந்ததும் பார்க்கிற ஒரே பொருள் அந்தக் காலண்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சரி. ஆனால் நான் பழைய தாளைப் பார்ப்பதில்லை. புதிய தேதியைப் பார்ப்பேன், பழையதைக் கிழிப்பேன். சனிக்கிழமை காலை அந்தத் தாளைக் கிழித்துக் குத்திவிட்டு நேராகப் போய்ப் புட்டியை இடம் மாற்றியிருக்கிறேன். படித்துவிட்டும் வேண்டுமென்றே மாற்றினேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

பத்தடி தூரம். வாய் இருந்தது, காது இருந்தது.

அந்தத் தாளில் எடை எழுதவில்லை. அதைத் தனியாக இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

790. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

தின்றது. தானாக.

மாலை. உலகம்மாள் கூண்டருகே தரையில் உட்கார்ந்து அறுகம்புல்லை ஆய்ந்துகொண்டே வழக்கம்போல் எதையோ முனகினாள். மிளகு சட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. வந்த வழி சரியாக இருந்தது. செங்கலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று மீசையால் தொட்டு, ஒதுங்கி, அவள் முழங்கால் வரை வந்து, புல்லை இழுத்துத் தின்றது. சுக்கு பின்னால் வந்து தன் பங்கைக் கேட்டது.

நான் கதவருகே நின்றேன். சந்தோஷம்தான். நான் பேசிய ஆறு நாளும் சட்டிக்குள்ளிருந்தே கேட்டது, அவள் முனகிய ஐந்து நிமிடத்துக்கு எழுந்து வந்துவிட்டது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பரீட்சை முடிந்ததால் வதனிக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்சம் அழுதாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"யார் சொன்னா? நீங்களா?"

"டாக்டர் சொன்னாரு. ரெண்டு பேரும் போயிருந்தோம்."

கோயம்புத்தூர்ப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

உலகம்மாள் தென்காசி போயிருக்கிறாள். நாளை அவள் அக்கா மகளுக்கு வளைகாப்பு. நான் போகவில்லை. பத்திரிகையில் எல்லா மாப்பிள்ளைகளுக்கும் பட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு வெறும் 'ஆறுமுகநயினார்'. அச்சுப் பிழை என்றார்களாம். இத்தனை வருடத்தில் என் பெயரில் மட்டும் நடக்கும் அச்சுப் பிழைகளைத் தனியாகத் தொகுக்கலாம்.

கிளம்பும்போது கூண்டைப் பார்த்து, "மிளகு, நான் சனிக்கெழமை வந்துருவேன். புல்லு அலசி ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது.

மாலைத் தழையை மிளகு தொடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

விடுப்பு. காலை எடை 768.

ஆறு மணிக்கு ஒரு தடவை சிரிஞ்சு, ஒன்பதுக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் ஊட்ட வரவில்லை. துண்டில் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றையும் துப்பியது. பேசினேன். மெதுவாகப் பேசினேன், கெஞ்சிப் பேசினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டாலே சட்டியின் அடி மூலைக்குப் போகிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எனக்கு அது கைலாசம் கதை சொன்ன குரல். அதற்கு அது சிரிஞ்சின் குரல்.

இரண்டு மணிக்கு அது கண்ணை மூடி, மயிர் சிலிர்த்துக் குன்றி உட்கார்ந்தது. சுக்கு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தது. ரெண்டு நாள்தான் என்று சேவியர் சொன்னது நினைவு வந்தது.

போனை எடுத்தேன். உலகம்மாள் எண் என் போனில் 'வீடு' என்று இருக்கிறது. முதன்முதலில் போன் வாங்கியபோது போட்டது, மாற்றவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் பெண்கள் கூட்டத்தின் இரைச்சல்.

"என்ன ஆச்சு? வதனிக்கா?"

"இல்ல. மிளகு."

"மிளகுக்கு என்ன?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து தின்னல."

"ஊட்டுனியளா?"

"துப்புது. மூலையில ஒடுங்கிட்டு."

"இப்ப பஸ் ஏறினாலும் ரெண்டு மணி நேரம் ஆகும் நான் வர."

"வர வேண்டாம்." போனை மறு காதுக்கு மாற்றினேன். "பாடு."

"என்னது?"

"போனைக் கூண்டுக்குள்ள வைக்கேன். நீ பாடு."

"இங்கனயா? பிள்ளைக்கு வளையல் போட்டுக்கிட்டு இருக்காவ."

"தெரியும்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்றாள். ஒரு கதவு மூடும் சத்தம். இரைச்சல் தூரத்துக்குப் போயிற்று.

"எதைப் பாட? அடுக்களையில வாய்க்கு வந்ததை முனங்குவேன். அதுக்கு ஒரு பேரும் கிடையாதே."

"அன்னைக்குப் பாடுனல்லா. அதைப் பாடு."

"என்னைக்கு?"

"விழாவுல."

நான் போனைச் செங்கல்மேல் வைத்து ஒலியைக் கூட்டினேன். பாடினாள். முதலில் தாழ்ந்த குரலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. இரண்டாவது அடியில் அந்தப் பயம் போய்விட்டது.

மிளகின் காது நிமிர்ந்தது. பிறகு மூக்கு. மூன்றாவது அடியில் எழுந்தது. வந்து போனை மோந்து, சுற்றிவந்து, அங்கே ஆள் இல்லை என்று கண்டுகொண்டு, அப்படியும் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தது. நான் ஒரு துண்டு குடைமிளகாயை எடுத்தேன். "கை வருது" என்று சொல்லிவிட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டது. மென்றது. இன்னொரு துண்டு.

பாட்டு முடிந்தது.

"தின்னுதா?"

"தின்னுது."

"எத்தனை?"

"மூணு துண்டு. நாலாவதுக்குத் தேடுது."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று தோன்றியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

"அன்னைக்கு மூணாவது அடியில உனக்கு மூச்சு வாங்குச்சு. இன்னைக்கு வாங்கல."

அவள் கேட்டாள்: "நீங்க லேப்புல இருந்ததாச் சொன்னாவ."

"சைக்கிள் ஷெட்டு வரைக்கும் வந்தேன்."

"முழுசும் கேட்டியளா?"

"மைக்கு நல்ல மைக்கு," என்றேன்.

ஜூலை 5, சனி

எடை 774. மாலை மழை வரும்போல் இருந்தது. அதனால் பேருந்து நிலையத்துக்குப் போய் உலகம்மாளைக் கூட்டிவந்தேன். கையில் புது வளையல்கள். வாசல் தாண்டியதுமே மிளகு சீட்டியடித்தது.

மழை பெய்யவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

785. சேவியரிடம் காட்டினேன். சரியாகிவிட்டது என்றார். கண் வராது, வர வேண்டியதும் இல்லை என்றார்.

பேச்சு ஆரம்பித்தால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு உலகம்மாளைத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தாள். அவள் அப்பா திதிக்கு நான் வராதது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போனது. தீபாவளியன்று பக்கத்து வீட்டாரோடு மட்டும் சிரித்துப் பேசியது. நாள், கிழமை, அன்று வீட்டில் என்ன குழம்பு என்பது வரை சொல்கிறாள். அவளிடம் நோட்டு எதுவும் கிடையாது. நான் குறித்து வைத்திருப்பது இதில் பாதிகூட இல்லை.

"நான் மேடையில ஏறுனது மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது. கைலாசம் சார் வந்து கூப்பிட்டப்ப, முடியாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். கேட்டியளா நீங்க? ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேக்கல," என்றேன்.

"ஆடிப் பெருக்குக்கு…" என்று அடுத்ததற்குப் போனாள்.

இன்று மூன்றாவது நாள். போன வருடம் கார்த்திகை வரை வந்திருக்கிறோம். இப்போது மாலை ஆறரை. கூண்டருகே தரையில் உட்கார்ந்து புல் ஆய்ந்துகொண்டே ஏசிக்கொண்டிருக்கிறாள். நான் நாற்காலியில் இருந்து இதை எழுதுகிறேன். மிளகு அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தின்கிறது. அவள் குரல் ஏறும்போது காதைக் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி மெல்லுகிறது. பாட்டானாலும் ஏச்சானாலும் அதற்கு ஒன்றுதான்.

"எழுதுததை நிறுத்திட்டு நான் சொல்லுததைக் கேளுங்க," என்கிறாள்.